நித்திலாவின் ஐந்தாவது சொல்

ஜூன் 10, திங்கள்

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. இது பெனிட்டா மேடம் கேட்ட நோட்டு. ஓசூரில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். தினமும் எழுதச் சொன்னார்: குழந்தை என்ன சொல் சொன்னாள், எப்போது சொன்னாள், வீட்டில் யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள். என் மனைவி கௌசியைத்தான் எழுதச் சொன்னார். கௌசி எழுதினால் ஒழுங்கு இருக்காது. ஆகவே நான்.

மகள் நித்திலாவுக்கு இரண்டு வயது எட்டு மாதம். நான்கு சொல்: அம்மா, பா (பால்), அம்பி (தம்பி), வேணா. இந்த வயதில் நூற்றுக்கணக்கில் பேச வேண்டுமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. காதைச் சோதித்தாகிவிட்டது, பழுது இல்லை. ஐந்து வாரம் பார்ப்போம், முன்னேற்றம் போதாவிட்டால் பெங்களூருக்கு முழுப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். முழுப் பரிசோதனையில் எதைத் தேடுவார்கள் என்று கௌசி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். போன். கௌசி சோறு ஊட்டும்போது போன், குளிக்கப் போனால் போன், சின்னவன் அழுதால் பெரியவளுக்குப் போன். சின்னவன் இனியனுக்கு எட்டு மாதம்.

தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் நான் ஐந்து முறை ‘ஏன்’ கேட்பேன். ஐந்தாவது ஏனில் காரணம் மாட்டும். இங்கே முதல் ஏனிலேயே மாட்டிவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

கௌசியின் போனுக்குப் புதுக் கடவு எண் போட்டேன். அழைப்பு, வாட்ஸப் மட்டும் வேலை செய்யும். வீடியோ எதுவும் ஓடாது. எந்தச் செயலி எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று என் போனுக்கு அறிக்கை வரும். டி.வி. ஒயரைக் கழற்றிப் பரணில் வைத்தேன்.

“சுவத்துல மாட்டியிருக்கறதையும் கழட்டிடுங்களேன். துணி காயப்போட எடம் கிடைக்கும்” என்றாள் கௌசி.

நித்திலா நாற்பது நிமிடம் அழுதாள். அதற்குள் எனக்குப் பஸ் வந்துவிட்டது.

ஜூன் 12, புதன்

இன்று 0 நிமிடம். புதிய சொல் இல்லை.

ஜூன் 13, வியாழன்

0 நிமிடம். சொல் இல்லை. கௌசி மத்தியானம் இரண்டரைக்குத்தான் சாப்பிட்டாளாம். நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை. ஓர் அட்டவணை போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

அறிக்கையைச் சரியாகத் திறந்து பார்த்தது இன்றுதான். படங்கள் இருக்கும் கேலரியை நான் பூட்டவில்லை. புதன் 10.40 முதல் 10.54 வரை. வியாழன் 10.38 முதல் 10.53 வரை. இன்று 10.41 முதல் 10.55 வரை. போனில் ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோக்களைப் போட்டுக் குழந்தை கையில் கொடுத்திருக்கிறாள். என்னிடம் பூஜ்யம் என்றாள்.

வந்ததும் கேட்டேன். இனியனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அது என்ன, தினமும் பதினாலு நிமிஷம்?”

“குளிக்கிறேன்.”

“கதவத் தொறந்து வெச்சிக் குளிக்கலாமே. அவ வெளயாடிட்டு இருப்பா.”

“செவ்வாக்கிழமை தொறந்துதான் வெச்சேன். தம்பி வாயில துணி கிளிப்ப வெச்சிட்டா. சோப்போட ஓடியாந்தேன். அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

அதற்குக் கட்டம் இல்லை. ஆனாலும் பொய் பொய்தான். மூன்று நாள் தரவு கெட்டுவிட்டது.

ஜூன் 15, சனி

அந்த அறிக்கையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அம்மா, இரண்டு அக்கா, மாமாக்கள், சித்தப்பா வீடு என்று பதினேழு பேர் அதில். நித்திலா ஏன் பேசவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. சரி செய்கிறோம்” என்று எழுதினேன். விஷயத்தை வெளிப்படையாக வைத்தால் கேள்வி நிற்கும்.

நிற்கவில்லை. அம்மா பாலக்கோட்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்க ஓடியது.

“எத்தினி தடவ சொன்னேன் கிரி, அவ போனக் குடுத்துக் குடுத்து புள்ளய ஊமையாக்கிடுவான்னு. நாங்களும்தான் நாலு பெத்தோம். போனா குடுத்தோம்? அடுப்பு ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம்.”

அக்காக்கள் ஆளுக்கொரு வீடியோ அனுப்பினார்கள். போன் பார்த்துக் கெட்டுப்போன குழந்தைகளைப் பற்றிய வீடியோ. கௌசி குழுவில் கை கூப்பும் பொம்மை ஒன்று மட்டும் போட்டாள். பிறகு ராகி மாவைக் கரைக்கப் போனாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஐந்தாவது சொல்!

கடையிலிருந்து வந்தபோது நித்திலா வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் தெளிவாக, “இரு!” என்றாள். மழலையே இல்லை. ‘ரு’ சுத்தமாக வந்தது. நேரம் 11.20. போனை நிறுத்திய ஆறாம் நாள். என் கணக்கு சரி.

“கேட்டியா? இருங்கறா!” என்று கௌசியைக் கூப்பிட்டேன்.

“ம். நல்லா சொல்றா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகிழ்ச்சியில் பங்கெடுக்கக்கூட முடியாத அளவுக்குக் கோபம் போலிருக்கிறது.

ஜூன் 19, புதன்

‘இரு’ என்ற சொல்லைக் கவனித்து எழுதுகிறேன். நேற்றும் இன்றும் நான் வீட்டில் இருந்த நேரத்தில் மொத்தம் 11 முறை. சரியான பயன்பாடு 4 (நான் கிளம்பும்போது சொன்னாள், காத்திருக்கச் சொல்கிறாள்). மீதி ஏழு முறை காத்திருக்க ஒன்றுமே இல்லை. நான் சும்மா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். நான் குளியலறையில் இருந்தபோது கதவைத் தட்டி, “இரு, இரு” என்றாள். பொருள் இன்னும் பிடிபடவில்லை, சொல் மட்டும் வந்திருக்கிறது என்று குறிக்கிறேன்.

கௌசியிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இதையும் குறிக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

கௌசிக்கு 102 காய்ச்சல். பால் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் கல்லாகிவிட்டது. இரண்டு நாளாக வலியாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “நீங்க ஃபாக்டரியில லைன் நிக்குதுன்னு பேசிட்டு இருந்தீங்க” என்றாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் படுக்கை. நாளையும் மறுநாளும் விடுப்பு போட்டிருக்கிறேன். ஒட்டி வைத்த அட்டவணை இருக்கிறது. சமாளிக்கலாம்.

ஜூன் 26, புதன்

6.10 பால். 6.40 இனியன் துணி மாற்றல். 7.00 மறுபடியும். 7.30 இட்லி, நித்திலா, ஒன்றேகால் இட்லிக்கு ஐம்பது நிமிடம். இடையில் தொழிற்சாலையிலிருந்து இரண்டு அழைப்பு. 8.40 நித்திலா மாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். துடைக்கும்போது இனியன் கட்டிலில் இருந்து விழப் பார்த்தான். மூன்றாவது அழைப்பு, பிரேக் டிரம் லைனில் சென்சார் தப்பாகக் காட்டுகிறது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன், கால் இட்லி மாவில்.

10.40 போன் கொடுத்தேன். 22 நிமிடம். விதிவிலக்கு.

ஜூன் 27, வியாழன்

நேற்று எழுதிய 22 தப்பு. 47. மாலை ஒருமுறை கொடுத்ததைச் சேர்க்கவில்லை.

இன்று 35.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அதில் தண்ணீர் குடிக்கவே நேரம் ஒதுக்கவில்லை.

ஜூன் 29, சனி

பெனிட்டா மேடத்திடம் போனோம். கௌசிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வந்தாள்.

நோட்டைப் புரட்டினார். “சார், வீட்ல எல்லாரோட போனையும் எழுதச் சொன்னேனே. உங்களோடது எங்க?”

“என்னுது வேலை மேடம்.”

“குழந்தைக்கு அது தெரியுமா?”

வீண் கேள்வி என்று நினைத்தேன்.

பிறகு குடும்பப் படங்களைத் தரையில் பரப்பினார். கௌசி படத்தைக் காட்டி, “இது யாரு?”

“அம்மா.”

இனியன் படம். “அம்பி.”

என் படம். கல்யாணத்துக்கு முன் எடுத்தது, மீசை கொஞ்சம் பெரிது. நித்திலா அதைப் பார்த்து, “இரு” என்றாள்.

“இருக்கேன்டா கண்ணா. மெதுவாச் சொல்லு. யாரு இது?” என்றார் மேடம்.

“இரு.”

மேடம் மூன்றாவது முறை கேட்டபோது நித்திலா எரிச்சலாகி, படத்தில் என் மூக்கில் விரலை வைத்து அழுத்தி, “இரு! இரு!” என்றாள்.

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. எழுந்தேன். நித்திலா என் பேண்ட்டைப் பிடித்தாள். “இரு பாப்பா, ஒரு நிமிஷம், இரு” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனேன். இயந்திரத்தில் பேரிங் சூடாகிறதாம். மூன்று நிமிடம் பேசினேன்.

உள்ளே வந்தேன். கௌசி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நித்திலா என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூலை 1, திங்கள்

கௌசியிடம் கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“சித்திரையில இருந்து.”

“ரெண்டரை மாசமா? அன்னிக்கு அஞ்சாவது சொல்லுன்னு குதிச்சேனே, அப்பவும் தெரியுமா?”

“உங்க பஸ் வந்து நிக்கற சத்தம் கேட்டா ஓடுவா, இரு இருன்னு. என் போன்ல உங்க போட்டோ வந்தா இரு. உங்க சட்டைய மோந்து பாத்துட்டு இரு. தெரியாம என்ன.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அதுக்கும் ஒரு கட்டம் போடுவீங்க.” ஒரு சட்டையை மடித்து முடித்தாள். “அதுக்குள்ள அப்பான்னு சொல்லப் பழக்கிடலாம்னு பாத்தேன். உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி. அந்தப் பதினாலு நிமிஷம் என்ன வீடியோ போட்டுக் குடுத்தேன்னு நெனைக்கிறீங்க? தம்பி பொறந்தப்போ பத்து நாள் லீவுல இருந்தீங்களே, அப்ப எடுத்ததுதான். ஒவ்வொண்ணுலயும் நான் ‘அப்பா பாரு, அப்பா பாரு’ன்னு கத்துவேன்.”

அறிக்கையில் எந்தச் செயலி, எத்தனை நிமிடம் என்று மட்டும்தான் வரும்.

ஜூலை 2, செவ்வாய்

காலை ஆறரையில் இருந்து எட்டு வரை, மாலை ஏழில் இருந்து ஒன்பது வரை எண்ணினேன். நித்திலாவிடம் நான் ‘இரு’ சொன்னது 26 முறை. அவள் பெயரைச் சொன்னது 3.

ஜூலை 4, வியாழன்

‘இரு’ சொல்வதை நிறுத்திவிட்டேன். வாய் பழகவில்லை. “கொஞ்சம் பொறு பாப்பா” என்று வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து கௌசி: “பேர மாத்திக்கிறீங்களா? ஆதார்லயும் மாத்தணும் அப்புறம்.”

காய்ச்சலுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கிண்டல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 6, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் நித்திலாவை எதிரில் உட்கார வைத்து, என் நெஞ்சைத் தொட்டு, “அப்பா. சொல்லு, அப்பா” என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னால் பதியும் என்பது என் எண்ணம். அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள். பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். “அப்பா சொன்னா குடுப்பேன்.” கையை நீட்டி, “இரு” என்றாள். “இரு இல்ல. அப்பா.” “இரு.” நாற்பது தடவை இருக்கும். குரல் ஏறியது தெரியவில்லை. கடைசியில் தரையில் தட்டி, “சொல்லுடி! அப்பா சொல்லு!” என்று கத்தினேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். அழவில்லை. ஈரத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கௌசி வந்து தூக்கிக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

“அவ உங்களக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. நாப்பது தடவையும்” என்றாள்.

பிஸ்கட் என் கையிலேயே நொறுங்கிப் போயிருந்தது. இன்று முழுக்க நித்திலா எந்தச் சொல்லும் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

குடும்பக் குழுவில் எழுதினேன்: “போன மாதம் நான் போட்ட அறிக்கை தப்பு. கௌசி மேல் தப்பு இல்லை. நித்திலாவிடம் நான்தான் பேசுவதில்லை.” நான்கு முறை அழித்து எழுதியது. அனுப்பிய பிறகு ஒருவரும் பதில் போடவில்லை. பத்து நிமிடத்தில் அம்மா நேராக அழைத்தார்.

“என்னடா எழுதியிருக்க? அவ எழுதச் சொன்னாளா?”

“இல்லம்மா. நானேதான்.”

“நீ ஆம்பளப்புள்ள, காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணி. நீ எங்கடா பேசறது? புள்ளகிட்டப் பேசறதுக்குத்தான வூட்ல ஒருத்தி இருக்கா.”

“அம்மா, அவ என்னை அப்பான்னே கூப்பிடறதில்ல. இருன்னு கூப்பிடறா. நான் எப்பப் பாத்தாலும் இரு இருன்னு சொல்றதால.”

அம்மா சிரித்தார். “அட, பேரு வெச்சிருக்காளா! கெட்டிக்காரி. உங்கப்பன ஊரே ‘தோ வரேன்’னுதான் கூப்பிடும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம பேசற, சரி. ஆனா அவகிட்ட போன வாங்கி பீரோல வெய்யி” என்றார்.

தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். பெரியக்கா மாலையில் குழுவில் எழுதினாள்: “தம்பி மாதிரி புருஷன் கெடைக்க கௌசி குடுத்து வெச்சிருக்கணும்.” கௌசி அதற்கும் கை கூப்பும் பொம்மை போட்டாள்.

ஜூலை 13, சனி

ஐந்து வாரம் முடிந்தது. பெனிட்டா மேடம் ஒரு மணி நேரம் நித்திலாவோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சொற்கள் பதினொன்று. இரண்டைச் சேர்த்துச் சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டால் திரும்புவது முன்பு போலத்தான். பெங்களூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“இது போனாலயா, என்னாலயா? எதுன்னு சொல்லுங்க மேடம்” என்று கேட்டேன்.

“ஒரே காரணம்தான் இருக்கும்னு யார் சார் சொன்னாங்க? பொறக்கும்போதே இருக்கறதா இருக்கலாம். ரெண்டு மூணு சேந்து இருக்கலாம். யாரும் செஞ்சதால வந்ததா இல்லாமலும் இருக்கலாம். அதைப் பாக்கத்தான் அனுப்பறேன்.”

வெளியே வந்ததும் கௌசி ஆட்டோவை நிறுத்தவில்லை. நடக்கலாம் என்றாள். இனியன் அவள் இடுப்பில், நித்திலா என் தோளில். பாகலூர் சாலை முழுக்க லாரி. கௌசி ஒரு பழரசக் கடை முன் நின்று, “அவ வயித்துல இருக்கும்போதும் நான் போன் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பெங்களூர்ல அதைக் கேட்டா என்ன சொல்றது?” என்றாள்.

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“நீங்க கேட்டீங்களே.”

ஜூலை 19, வெள்ளி

பெங்களூர். ஐந்து மணிக்கே கிளம்பினோம். சின்னவனை மேல்வீட்டு அக்காவிடம் விட்டிருந்தோம். நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். போனில் நேரம் பார்க்க முடியாமல் கௌசியிடம் மணி கேட்டுக்கொண்டே வந்தேன்.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் பேசினார். அறையில் பாய் விரித்து மரக்கட்டைகளைக் கொட்டியிருந்தார்கள். நித்திலா கட்டைகளை நிறம் பார்த்து வரிசையாக வைக்கத் தொடங்கினாள். டாக்டர் மேஜையிலிருந்தே, “நித்திலா” என்றார். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கூப்பிட்டார். இல்லை. கௌசியைக் கூப்பிடச் சொன்னார். கௌசியின் குரலுக்குத் தோள் லேசாக அசைந்தது, தலை திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் தாளில் ஏதோ எழுதினார். கௌசி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

பிறகு கேள்விகள். எப்போது தவழ்ந்தாள், எப்போது நடந்தாள், தூக்கம் எப்படி. எல்லாவற்றுக்கும் கௌசிதான் பதில் சொன்னாள். மாதம், தேதி, அன்று என்ன சமையல் என்பது வரை அவளுக்கு நினைவிருந்தது. நான் கொண்டுபோன இந்த நோட்டு என் மடியில்தான் இருந்தது.

“அம்மாவ அம்மா கூப்பிடறா. அப்பாவ?”

“அப்பான்னுதான் மேடம்” என்றாள் கௌசி. சட்டென்று சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை. டாக்டர் எழுதப் போனார்.

விட்டிருக்கலாம். பதினொன்றோ பன்னிரண்டோ, ஒரு சொல்தான். பெரிய வித்தியாசம் வராது. அந்த அறையில் என் மானத்தையும் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்தத் தாளில் ஒரு தப்பு ஏறினால், அதை வைத்துத்தான் என் மகளுக்கு என்ன என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

“இல்ல மேடம்” என்றேன். “அப்பா சொல்ல மாட்டா. எனக்கு வேற பேரு வெச்சிருக்கா.”

“என்ன பேரு?”

“இரு.”

அது தமிழ்ச் சொல் மேடம், குழந்தை கூப்பிடும்போதெல்லாம் நான் சொல்வது, அதற்குப் பொருள் என்னவென்றால் என்று விளக்க ஆரம்பித்தேன். டாக்டர் பேனாவை உயர்த்தி நிறுத்தினார்.

“கன்னடத்துலயும் இருதான் சார். கொத்து, தெரியும்” என்று கன்னடம் கலந்து சொன்னார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திட்டுவது போல் இல்லை. பலரைப் பார்த்தவர் பார்ப்பது போல இருந்தது. “சரி. இப்ப நீங்க கூப்பிடுங்க.”

“நித்திலா” என்றேன். திரும்பாமல் அடுத்த கட்டையை வைத்தாள்.

“அந்தப் பேர சொல்லுங்க. உங்க பேர.”

கௌசி என் கையை விட்டுவிட்டாள். நான் பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இரு” என்றேன். “இரு வந்திருக்கேன் பாப்பா.”

நித்திலா நீலக் கட்டையைக் கையில் பிடித்தபடி தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினார் என்று தெரியாது. முடிவு பத்து நாளில் வருமாம். நித்திலா கட்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.